கடைசி மணிக்கு முன் கிளம்பிய பத்துப் பேர்

எனக்கு எழுத்துக் கூட்டி எழுத வரும், அவ்வளவுதான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வரி கோணலாகப் போகும், ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றுக்குத் தாவிவிடுவேன், மறதி வேறு. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் இதில் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்தில் எனக்கு மறதியும் இல்லை, சந்தேகமும் இல்லை. ஏனென்றால் அதை நானே என் வாயால் எண்ணினேன்.

கொடைக்கானலுக்கு மேற்கே ஒரு மலையூரில் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. அதில் பத்தொன்பது வருடம் சத்துணவுச் சமையலுக்கு உதவியாளாக இருந்தேன். பிள்ளைகள் 'ஆயா' என்பார்கள், வாத்தியார்கள் 'ஆயாம்மா' என்பார்கள். சமையலறை பள்ளியின் பின்பக்கம். அதை ஒட்டிப் பின்வாசல். அதிலிருந்து ஒரு தடம் காட்டுக்குள் இறங்கிக் கீழூருக்குப் போகும். இறங்க அரை மணி நேரம், ஏற முக்கால் மணி நேரம். கீழூரில் எல்லாரும் பூண்டுக் காட்டிலும் கேரட் காட்டிலும் கூலிக்குப் போகிறவர்கள். என் வீடு மேலூரில், பள்ளிக்குப் பக்கத்திலேயே.

பின்வாசல் பூட்டின் சாவி என்னிடம்தான் இருக்கும். அதற்கு ஒரு காரணம் உண்டு. முன்பு ஒரு வருடம், சாயங்காலம் பூண்டுக் காட்டிலிருந்து திரும்பிய கீழூர்ப் பெண் ஒருத்தியைக் காட்டுமாடு முட்டித் தூக்கிப் போட்டுவிட்டது. உயிர் பிழைத்தாள், இடுப்புத்தான் போயிற்று. எங்கள் பக்கம் நாலு மணிக்கெல்லாம் பனி இறங்கிவிடும். பனி இறங்கினால் மாடு பத்தடியில் நின்றாலும் தெரியாது. அதனால் கீழூர்க்காரர்கள் பள்ளிக்கு வந்து பேசி, அவர்கள் ஊர்ப் பெண் பிள்ளைகளை மூன்றேகாலுக்கே விட்டுவிடுவது என்று வழக்கமாயிற்று. பையன்களைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர்கள் ஓடிக்கொள்வார்கள், மரமேறிக்கொள்வார்கள் என்று ஒரு எண்ணம். அவர்கள் மணி அடித்து நாலு பத்துக்குத்தான் போவார்கள்.

மூன்றேகாலுக்கு நான் பின்வாசலைத் திறப்பேன். ஒவ்வொரு தலையாக எண்ணி வெளியே விடுவேன். எண்ணிக்கை சரியாக இருந்தால் பூட்டுவேன். அப்போதெல்லாம் கடைசி பீரியட் விளையாட்டு, இல்லாவிட்டால் ஓவியம். அதனால் யாருக்கும் நஷ்டம் தெரியவில்லை.

அப்புறம் ஒரு புதுக் கணக்கு வாத்தியார் வந்தார். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். கொடைக்கானலில் வாடகைக்கு இருந்துகொண்டு பஸ்ஸில் வருவார். நல்ல மனிதர், அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளை அடிக்க மாட்டார், லீவு போட மாட்டார். கணக்கை அரக்கப் பரக்கப் போடக்கூடாது, பத்தாம் வகுப்புக்கு இரண்டு பீரியட் சேர்ந்தாற்போல வேண்டும் என்று பெரிய சாரிடம் கேட்டார். பெரிய சார் என்றால் தலைமையாசிரியர், அவரும் அப்போது புதிதுதான். இரண்டு பீரியட் ஒட்டினாற்போலக் காலியாக இருந்தது கடைசியில்தான். ஏழாவதும் எட்டாவதும் கணக்கு என்று ஆயிற்று. ஏழாவதில் பாடம் நடத்துவார். எட்டாவதில் ஒவ்வொருவரையும் பலகைக்குக் கூப்பிட்டுப் போடச் சொல்லி, தப்பைத் திருத்துவார்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது காலையில் என் அடுப்படியில் நடந்ததுதான்.

கீழூர்ப் பெண் பிள்ளைகள் வெள்ளனே வந்துவிடுவார்கள். ஏறி வந்த குளிருக்கு அடுப்புப் பக்கத்தில் கை காய வைப்பார்கள். நான் பருப்பு களைந்துகொண்டிருப்பேன். அந்த வருடம் அவர்கள் கை காய்ந்ததும் நோட்டைப் பிரித்து, எவனாவது ஒரு பையனின் நோட்டைப் பார்த்து எழுத ஆரம்பித்தார்கள். நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் மேல் பாதியில் கணக்கு இருக்கும், கீழ் பாதி வெறுமையாகக் கிடக்கும். அந்த வெறும் பாதியைப் பையனின் நோட்டிலிருந்து நிரப்புவார்கள்.

"என்னாங்கடி, காப்பியடிக்கவா இம்புட்டு வெள்ளனே வாரீக?" என்று கேட்டேன்.

"விடை மட்டுந்தான் ஆயா. எப்படி வந்துச்சுன்னு அவனுக்கே தெரியுமோ என்னமோ" என்றாள் ஒருத்தி.

அவளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஒல்லியான பெண். வாய் நீளம். ஒரு முறை கீழூரில் நிலம் அளக்க மூன்றுகால் கருவியோடு ஒரு பெண் வந்தாராம், பூட்ஸ் போட்டுக்கொண்டு. இவளிடம் கோலைக் கொடுத்து மேட்டில் நிற்கச் சொன்னாராம். அன்றிலிருந்து அந்த வேலைதான் வேண்டும் என்று இருந்தாள். அதற்குப் பதினொன்றாம் வகுப்பில் கணக்கு உள்ள முதல் குரூப் எடுக்க வேண்டும், அதற்குப் பத்தாம் வகுப்புக் கணக்கில் நல்ல மார்க்கு வேண்டும் என்று யாரிடமோ கேட்டு வைத்திருந்தாள். அவள் அம்மாவுக்கு வேறு யோசனை. கணக்கில் போய்விட்டால் திண்டுக்கல் பக்கம் நூல் மில்லுக்கு அனுப்புவது என்று ஒரு ஆளிடம் சொல்லி வைத்திருந்தார். கீழூரிலிருந்து இரண்டு பெண்கள் ஏற்கெனவே போயிருந்தார்கள்.

காலாண்டுத் தேர்வு முடிந்து, பத்தாம் வகுப்புச் சுவரில் ஒரு தாளை ஒட்டினார்கள். 'மெல்லக் கற்போர்' என்று தலைப்பு. அந்தப் பட்டியலில் பேர் வந்தவர்களுக்கு இனி வரைபடமும் ஜியோமிதியும் மட்டும் சொல்லித்தருவார்கள். அதை மட்டும் போட்டாலே தேறுகிற அளவுக்கு மார்க்கு வந்துவிடும். மற்ற பாடத்தை அவர்கள் தொட வேண்டாம்.

அந்தப் பெண்ணின் பேரும் அதில் இருந்தது. மறுநாள் காலை அடுப்படியில் உட்கார்ந்து, "வட்டத்துக்குக் கோடு இழுத்தே மலையப் பூரா அளந்துருவேன் போலருக்கு ஆயா" என்று சிரித்தாள். சிரித்தவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்புப் புகை என்றாள். எங்களுக்குக் கேஸ் அடுப்பு வந்து வருடக்கணக்கு ஆகிறது.

வாத்தியார்கள் பேசிக்கொண்டதும் என் காதில் விழுந்தது. பெண் பிள்ளைகளுக்கு மனப்பாடம் வரும், கணக்கு வராது என்று ஒருவர் சொன்னார். தமிழ் டீச்சர், "எனக்கே வராது சார், அதுகளச் சொல்லி என்ன?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார்கள்.

நான் அன்று மதியம் பத்தாம் வகுப்பில் முட்டை கொடுக்கப் போனபோது அந்தத் தாளைப் பார்த்தேன். எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு பேராகப் படித்தேன். ஒன்பது பெண் பிள்ளைகள், ஒரு பையன். நாலாவது பேர் வரும்போதே எனக்கு என்னமோ போல இருந்தது. பத்தாவது பேரைப் படித்ததும் முட்டைத் தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

பத்தாம் வகுப்பில் நான் மூன்றேகாலுக்குப் பின்வாசலில் விடுகிற தலைகள் பத்து. ஒன்பது பெண் பிள்ளைகள். பத்தாவது, இழுப்பு நோய் உள்ள ஒரு பையன். அவனுக்குப் பனியில் மூச்சு வாங்கும் என்று அவன் அம்மா கேட்டுக்கொண்டதால் பெண் பிள்ளைகளோடு அவனையும் விடுவேன். கேலி செய்வார்கள், தலையைக் குனிந்துகொண்டு போவான். தாளில் இருந்தது அதே பத்துப் பேர். ஒருவர் கூடவும் இல்லை, ஒருவர் குறையவும் இல்லை. மேலூர்ப் பெண் பிள்ளைகள் மூன்று பேர் அதே வகுப்பில் இருந்தார்கள், நாலு பத்து வரை இருப்பவர்கள். அவர்கள் பேர் தாளில் இல்லை.

எனக்கு அப்போதே விஷயம் விளங்கிவிட்டது. ஆனால் விளங்கியதை யாரிடம் சொல்வது? வாத்தியார்கள் அறைக்குள் சும்மா போய் நின்றதே இல்லை நான். யாராவது நிமிர்ந்து பார்த்தால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். அதனால் சுலபமான வழி என்று நினைத்து ஒரு தப்பைச் செய்தேன். அந்தப் பெண்ணிடம், "நீ எட்டாவது பீரியட்டும் இருந்து பாரு புள்ள. கணக்கு அதுலதான் கெடக்கு. பையங்களோட சேந்து எறங்கிரு" என்றேன்.

இருந்தாள். பையன்கள் நாலு பத்துக்குக் கிளம்பி, பாதித் தடத்தில் பனியைப் பார்த்ததும் ஓடிவிட்டார்கள். இவள் தனியாக மாட்டிக்கொண்டாள். தடத்தை மறித்துக் காட்டுமாடு நின்றிருக்கிறது, கன்றோடு. ஒரு பேரிக்காய் மரத்துக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு அசையாமல் நின்றிருக்கிறாள். கடைசியில் அவள் அப்பா ஆட்களோடு தகரம் தட்டிக்கொண்டு ஏறி வந்து கூட்டிப் போயிருக்கிறார்.

மறுநாள் காலை அவள் அம்மா என் அடுப்படிக்கு வந்துவிட்டார். பின்னால் இவள்.

"ஏக்கா, ஒனக்கு வேற சோலி இல்லையா? ஒம் பேச்சக் கேட்டு எம் மக ஒரு மணி நேரம் காட்டுமாட்டு மூஞ்சியப் பாத்துக்கிட்டு நின்னுருக்கா. அது முட்டித் தூக்கிருந்தா ஒங் கணக்கு வந்து புடிச்சிருக்குமா?"

நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். அவர் சொன்னது நியாயம்தானே.

"இன்னைலருந்து மூணேகாலுக்கு இவ தல இந்தக் கேட்டத் தாண்டணும். இல்லைன்னா பத்தாவதும் வேணாம், ஒண்ணும் வேணாம். மில்லுக்காரன் இப்பயே வரச் சொல்றான்."

"அம்மா," என்றாள் அந்தப் பெண் மெதுவாக. "அங்க நின்னப்ப, நேத்து எட்டாவது பீரியட்ல போட்ட கணக்க மனசுக்குள்ள போட்டுப் பாத்தேன். வந்துருச்சு."

"வரும் வரும். அந்நேரத்துக்குப் பேயும் வரும். நட."

அவர்கள் போன பிறகு பருப்பை அடுப்பில் ஏற்றினேன். இனி சும்மா இருந்தால் அந்தப் பெண் மில்லுக்குப் போய்விடுவாள், என்னால் இன்னும் சீக்கிரமாகப் போய்விடுவாள் என்று தெரிந்தது. சொல்ல வேண்டிய இடத்தில்தான் சொல்ல வேண்டும்.

சத்துணவில் ஒரு விதி உண்டு. பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன்னால் ஒரு வாத்தியார் ருசி பார்த்து நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வாரம் கணக்கு சாரின் முறை. சாம்பார் சாதத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு போனேன். அறையில் அவரும் தமிழ் டீச்சரும் இருந்தார்கள். அவர் ஒரு வாய் எடுத்து வைத்தார்.

"நல்லாருக்கு ஆயாம்மா. உப்பு சரியாருக்கு. நோட்டக் குடுங்க."

நோட்டை நான் கொடுக்கவில்லை. நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சார், அந்த லிஸ்ட்டுங்க."

"எந்த லிஸ்ட்டு?"

"செவத்துல ஒட்டிருக்கீங்களே. அதுல இருக்குற பத்துப் பேரும், மூணேகாலுக்கு நான் பின்கேட்டுல விடுற பத்துப் பேருங்க."

"ஆமா, கீழூர்ப் பிள்ளைங்க. பாவம், வீட்ல படிக்க வசதி இல்ல."

"கீழூர்ப் பையங்க ஆறு பேரு அதுல இல்லைங்களே. அதே வீடுதானுங்க சார். ரெண்டு பேரு இதுகளுக்குச் சித்தப்பா மகன் பெரியப்பா மகன்."

அவர் இன்னொரு வாய் எடுத்தார். "அவங்க பையங்க ஆயாம்மா. பையங்களுக்குக் கணக்கு கொஞ்சம் ஒட்டும்."

"அப்ப இழுப்புக்காரப் பையன் எப்படிங்க லிஸ்ட்டுல வந்தான்? அவனும் பையன்தானுங்களே. மேலூர்ப் பொண்ணுக மூணு பேரு எப்படிங்க வராமப் போனாங்க?"

இதைச் சொல்லி முடித்ததும் எனக்கே பயமாகிவிட்டது. தமிழ் டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். சார் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"நடத்துறதெல்லாம் ஏழாவது பீரியட்லயே முடிச்சிருவேன் ஆயாம்மா," என்றார். "எட்டாவதுல புதுசா ஒண்ணும் இல்ல. சும்மா போட்டுப் பாக்குறதுதான்."

"சாம்பார் எப்படி வைக்கிறதுன்னு நான் ஒங்களுக்குச் சொல்லிட்டு, வைக்கிறப்ப வெளிய அனுப்பிட்டா வருங்களா சார்?"

தமிழ் டீச்சர் சிரித்துவிட்டார். சார் சிரிக்கவில்லை. தட்டை வைத்துவிட்டு எழுந்து வகுப்புக்குப் போனார். சுவருக்கு முன்னால் நின்று அந்தத் தாளைப் படித்தார், நான் படித்ததுபோலவே, ஒவ்வொரு பேராக. அந்த வருடம் பள்ளி திறந்ததிலிருந்து அவர் கண் முன்னால்தான் அந்தப் பிள்ளைகள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போயிருக்கிறார்கள். கணக்கு கசப்பதால் சீக்கிரம் கிளம்புகிறார்கள் என்று கூட முதலில் நினைத்தாராம். பின்னால் அவரே என்னிடம் சொன்னார்.

திரும்பி வந்து, "நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க?" என்று கேட்டார்.

"அஞ்சுங்க."

"கணக்கு வராமயா நின்னீங்க?"

"வருமா வராதான்னு யாரும் பாக்கலைங்க சார். தண்ணி தூக்க ஆள் இல்லன்னு நிறுத்திட்டாங்க."

நோட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு பெரிய சார் அறையில் ஒரே சத்தம். பீரியட்டை மாற்றுவது என்றால் ஒவ்வொரு வாத்தியாரையும் அசைக்க வேண்டும். விளையாட்டு வாத்தியார் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் தமிழ் டீச்சர்தான் தன் மூன்றாவது பீரியட்டைக் கொடுத்தார். "எனக்கு வரலைங்கிறதுக்காக அதுகளுக்கும் வராமப் போகணுமா?" என்றாராம். கணக்கு மூன்றாவதும் நாலாவதும் ஆயிற்று, நாலாவதில் இருந்த விளையாட்டு கடைசிக்குப் போயிற்று. சுவரில் இருந்த தாளை சார் தன் கையாலேயே கிழித்தார்.

ஒரு விஷயத்தை நான் யோசிக்கவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். ஒரு வாரம் கழித்து மூன்றேகாலுக்குப் பின்வாசலில் அந்தப் பத்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகளில் ஒருத்தி நின்று, "ஆயா, எங்களுக்குக் கணக்கு வந்துச்சு, பந்து போச்சே" என்றாள். பையன்கள் மைதானத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பிறகு சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் பந்து கொடுத்தார்கள், அதுவும் எல்லா நாளும் இல்லை. அந்தக் குறை இன்னும் தீரவில்லை என்றே நினைக்கிறேன்.

காலையில் என் அடுப்படியில் நோட்டுப் பிரிப்பது நின்றுபோயிற்று. கை காய வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். "இந்த வழியில போட்டா ரெண்டே வரிடி", "போடி, நீ ஒரு வரிய முழுங்கிட்ட" என்று. இழுப்புக்காரப் பையனும் அதில் இருப்பான். அரையாண்டில் மறுபடி பட்டியல் போட்டார்கள். ஆறு பேர். மூன்று பெண்கள், மூன்று பையன்கள், மேலூர் கீழூர் எல்லாம் கலந்து. சிலருக்குக் கணக்கு கஷ்டம்தான், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாவாடையைப் பார்த்து, கால்சட்டையைப் பார்த்து அது வரவில்லை. இதை எந்தப் படித்தவர் முன்னாலும் நான் சொல்லுவேன். அந்தப் பெண்ணின் பேர் அந்த ஆறில் இல்லை.

பொதுத்தேர்வு முடிவு வந்தபோது கணக்கில் அவளுக்கு வகுப்பிலேயே இரண்டாவது மார்க்கு. முதல் மார்க்கு ஒரு மேலூர்ப் பையன். அவனுக்கும் சந்தோஷமாகச் சர்க்கரை கொடுத்தேன்.

அவள் அம்மா அன்றைக்கு வரவில்லை. நாலைந்து நாள் கழித்துத்தான் வந்தார். அடுப்படி வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. கையில் கொடைக்கானல் பள்ளியின் விண்ணப்பத் தாள்.

"அக்கா, இவ நீதான் படிச்சுச் சொல்லணுங்கிறா. முதல் குரூப்புக்கு எதுல கோடு போடணும்?"

"மில்லுக்காரங்களுக்கு என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல. இங்க ஆள் இல்லைன்னேன்." தாளை என் கையில் கொடுத்துவிட்டு, "ஆனா ஒண்ணு. விடுதி இருந்தாத்தான் அனுப்புவேன். பஸ்ஸ விட்டு எறங்கிப் பனியில நடக்க விட மாட்டேன். அதுல நான் மாறப் போறதில்ல" என்றார்.

"மாற வேணாம் தாயி. அதையும் இதுலயே எழுதிருவோம்" என்றேன்.

விடுதி என்று போட்டிருந்த கட்டத்தையும் முதல் குரூப் கட்டத்தையும் நான் விரலால் காட்டினேன். அவள் அம்மாவே பேனாவை வாங்கிக் கோடு போட்டார். முதல் குரூப் கட்டத்தில் கொஞ்சம் வெளியே போய்விட்டது. பரவாயில்லை, எடுத்துக்கொண்டார்கள். இடம் கிடைத்தது, விடுதியும் கிடைத்தது. அவள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. நான் ஓய்வு பெற்றுவிட்டேன்.

எனக்கு இதில் உறுதியாகத் தெரியாதவை சில. பீரியட் நேரம் நான் எழுதியபடிதானா, காலாண்டுக்குப் பிறகுதான் தாள் ஒட்டினார்களா, அதற்கு முன்பேயா, அரையாண்டில் ஆறு பேரா ஏழு பேரா. இதை அச்சுக்குக் கொடுக்கிறவர்கள் தயவுசெய்து கணக்கு சாரிடம் ஒரு முறை கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள். சார் மாறுதலாகிப் போயிருந்தால், சனிக்கிழமைகளில் அந்தப் பெண் விடுதியிலிருந்து ஊருக்கு வருவாள், அவளிடம் கேளுங்கள். நான் எங்கே தப்பு விட்டிருந்தாலும் கூச்சப்படாமல் அடித்துத் திருத்தச் சொல்லுங்கள். அவள் திருத்துவாள்.